வாசகர் கேள்வி: புது வண்டியில் அணையாத மஞ்சள் விளக்கு

கேள்வி: அண்ணே, காசிமேட்டில் இருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கும் வானகரத்துக்கும் மீன் லோடு அடிக்கிறேன். கடன் போட்டு பெட்ரோல் பிக்கப் வண்டி எடுத்து நாலு மாதம்தான் ஆகிறது. எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிகிறது, லோடோடு பாலம் ஏறினால் இழுவை இல்லை, மைலேஜும் குறைந்துவிட்டது. சர்வீஸில் மூன்று தடவை விட்டேன். ‘ஆக்ஸிஜன் சென்சார் எரர், அழித்துவிட்டோம்’ என்று கொடுக்கிறார்கள், ரெண்டு நாளில் மறுபடி எரிகிறது. வயரை வெட்டி வேறு சென்சார் போட்டுத் தருகிறேன் என்கிறார் வெளி மெக்கானிக். போடலாமா?
– காசிமேடு வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. வாரண்டி இருக்கிற வண்டியில் வயரை வெட்டினால் அப்புறம் எந்தக் கோளாறுக்குப் போனாலும் அந்த வெட்டைத்தான் காட்டுவார்கள். அந்த மெக்கானிக் நல்லவராகவே இருக்கட்டும், இப்போது யாரும் கை வைக்கக் கூடாது.

‘சென்சார் எரர்’ என்று சொன்னால் சென்சார் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, இதைத்தான் நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் சைலன்சர் குழாயில், புகையைச் சுத்தம் செய்கிற கன்வர்ட்டர் என்ற டப்பாவுக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று இருக்கும். முன்னால் இருப்பது புகையில் மிச்சமிருக்கிற ஆக்ஸிஜனைப் பார்த்துச் சொல்ல, அதை வைத்துத்தான் எஞ்சினுக்கான கம்ப்யூட்டர் ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற கணக்குக்குப் பக்கத்திலேயே எஞ்சினை ஓட்டுகிறது. பின்னால் இருப்பது கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும். சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காகச் சொல்லும், அதனால் உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருப்பார்கள். அந்த ஹீட்டருக்குக் கரண்ட் போகாவிட்டாலும் விளக்கு எரியும், ஃபியூஸ் போனாலும் எரியும், வயரை இணைக்கிற கப்ளரில் தண்ணீர் இறங்கினாலும் எரியும். சென்சாரின் பேச்சு நம்பும்படி இல்லை என்றால் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோலைக் கூட்டி ஊற்றிவிடும், உங்கள் மைலேஜ் அங்கேதான் போகிறது.

நீங்கள் மீன் ஏற்றுகிறவர் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் கப்ளர் மேல்தான். ராயபுரத்தில் ஒரு ஷெட்டில் இதே மாதிரி மீன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பெட்டியில் இருந்து உருகின ஐஸ் தண்ணீர் பாடியின் இடுக்கு வழியாகச் சொட்டி, சரியாக சென்சார் வயர் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. கப்ளரைக் கழற்றினால் நாலு பின்னில் ஒன்று பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. சென்சார் நன்றாகவே இருந்தது! உப்புத் தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்தால் நாலு மாதமே அதிகம். கழுவும்போது பிரஷர் பைப்பை அடியில் நேராக அடித்தாலும் இதே கதைதான்.

அடுத்த தடவை சர்வீஸுக்குப் போனால் எரரை அழிக்கும் முன்னாடி கோடு நம்பரைக் கேளுங்கள், ஸ்கேனர் திரையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பி0135 என்றால் முன் சென்சாரின் ஹீட்டர் லைன், பி0141 என்றால் பின் சென்சாரின் ஹீட்டர் லைன். இந்த ரெண்டில் ஒன்று வந்தால் ஃபியூஸ், வயர், கப்ளர் மூன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் சென்சாரை மாற்றுவதைப் பற்றியே பேச வேண்டும். பி0420 என்று வந்தால் கன்வர்ட்டர் பக்கம் பார்க்க வேண்டும், அது வேறு வைத்தியம். கோளாறு வந்த நொடியில் வண்டி என்ன வேகம், எஞ்சின் எவ்வளவு சூடு என்பதையும் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும். ‘ஃப்ரீஸ் ஃபிரேம் பாருங்கள்’ என்று கேளுங்கள். எரரை அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்து போய்விடும், மூன்று தடவை அழித்ததில் எனக்குக் கோபமே அதனால்தான்.

வண்டியை விடும்போது சர்வீஸில் குறை எழுதுகிற ஜாப் கார்டில் ‘செக்கப்’ என்று எழுத விடாதீர்கள். ‘எஞ்சின் விளக்கு எரிகிறது, இழுவை இல்லை, நாலாவது முறை’ என்று தேதி, கிலோமீட்டரோடு எழுதச் சொல்லிக் கையில் காப்பி வாங்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. லோடு வண்டி வியாபாரத்துக்கு எடுத்தது, கேஸ் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சொந்தமாக ஓட்டிப் பிழைப்பதற்காக வாங்கியவரும் 2019 சட்டத்தில் நுகர்வோர்தான். அங்கே ஜாப் கார்டு காப்பிகள்தான் பேசும்.

கேள்வி: பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடுகிறதே, அப்படியே ஓட்டக் கூடாதா? கப்ளரில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் தண்ணீர் போகாதுதானே?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: விளக்கு அணைந்தாலும் கோளாறு அங்கேயேதான் இருக்கும். நிறைய கோளாறுகளுக்கு, அடுத்தடுத்து ரெண்டு ஓட்டத்தில் அதே தப்பைப் பார்த்தால்தான் கம்ப்யூட்டர் விளக்கைப் போடும், இடையில் கிடைக்கிற அந்த ஒரு நாள் நிம்மதியைத்தான் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். அதிகப் பெட்ரோலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கன்வர்ட்டர் போகும், உள்ளே பிளாட்டினம், பல்லேடியம் எல்லாம் இருக்கிற சாமான் அது, சென்சார் விலையில் முடியாது. கிரீஸும் வேண்டாம். நிறைய சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை அந்த வயர் வழியாகத்தான் இழுக்கின்றன, அடைத்தால் தப்பாகச் சொல்லும். கப்ளரைக் காய வைத்து, ரப்பர் சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார்த்து, ஐஸ் தண்ணீர் அந்தப் பக்கம் வராதபடி பாடிக்கு ஒரு ஓட்டை வைத்துப் பின்னால் பைப் விட்டுவிடுங்கள்.