புகார்ப் பெட்டியும் ஏழரையும் – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை ஆறேழு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் துறை உதவிப் பேராசிரியை. எந்த ஊர் என்று வேண்டாம். போன மாதம் என்னை 'சம வாய்ப்பு மைய' ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுகளிலிருந்து வரும் பிள்ளைகளின் குறைகளைக் கவனிக்க வேண்டிய மையம். கூடுதல் பொறுப்புதான், வகுப்பு நேரம் ஒன்றும் குறையவில்லை. அடுத்த வருடம் தர மதிப்பீட்டுக்கு நாக் (NAAC) குழு வருகிறது, அதற்கு ஃபைல் வேண்டும், அவ்வளவுதான். "இந்தப் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத்தான் மேடம் தெரியும்" என்றார் டீன். எனக்கு மட்டும் ஏன் தெரியும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதுவரை நடந்தது: ஒரு கருத்தரங்கு, ஒரு உறுதிமொழி, ஜியோ டேக் போட்ட போட்டோக்கள். டீன் அறை வாசலில் ஒரு புகார்ப் பெட்டி, அதற்கு நேர் மேலே சிசிடிவி கேமரா. பெட்டியில் விழுந்தது ஒரே ஒரு சாக்லேட் உறை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளை எங்கள் ஸ்டாஃப் ரூமில் 'ஏழரை' என்பார்கள். "உங்க கிளாஸ்ல எத்தனை ஏழரை?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்த ஒரு பையன் அதைக் கேட்டுவிட்டான். நோட்டை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனவன், அதை வாங்கவே வரவில்லை.

மூத்த பேராசிரியர் ஒருவர், நல்ல மனிதர், "எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினா போதாதாம்மா, தனியாப் பிரிச்சு எதுக்கு ஞாபகப்படுத்தணும்?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த மையம், இதற்கான விதிகள் எல்லாமே கண்துடைப்புதானா? எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

வணக்கம் மேடம்,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளில் நாலு தடவை படித்தேன். அந்த 'ஏழரை'யிலேயே ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, சனி பிடித்தவன், கூடவே பீடையைக் கூட்டி வருகிறவன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் மருத்துவத்துக்குள் நுழையட்டும் என்று 2020-ல் ஒரு சட்டம் வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரித்தார்கள், அந்தச் சட்டத்தின் எண்ணையே எடுத்துப் பிள்ளையின் பெயராக்கிவிட்டது உங்கள் ஸ்டாஃப் ரூம். இதில் புகார் கொடுக்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். யாரும் யார் சாதியையும் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. எண்ணைத்தானே சொன்னோம் என்பார்கள்.

கண்துடைப்பா என்று கேட்டீர்கள். உங்கள் ஊரில் இப்போதைக்கு ஆமாம். ஆனால் அந்த விதிகள் வந்த வழி கண்துடைப்பு இல்லை. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க பொருளாதார அறிஞர் சுக்தேவ் தோரட் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், 2007-ல் அறிக்கை வந்தது. அதில் என் மனதில் நின்றவை சில. விடுதியில் தொல்லை தாங்காமல் அந்த மாணவர்கள் அறை மாற்றி மாற்றிக் கடைசியில் குறிப்பிட்ட மாடிகளில் ஒன்றாக ஒதுங்கிக்கொண்டது, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் மட்டும் மதிப்பெண் சறுக்குவதாக அவர்கள் சொன்னது, இப்படி. நாட்டிலேயே முதலிடம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் மருத்துவக் கல்லூரியில், ஊரும் சேரியும் மாடி மாடியாக.

அப்புறம் 2012-ல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விதிகள் போட்டது. சம வாய்ப்பு மையம் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் ஒருவர் வேண்டும், பல்கலைக்கழகம் என்றால் அவர் பேராசிரியர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், புகாருக்கு 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். எழுத்தில் எல்லாம் இருந்தது. 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வேமுலா, 2019 மே மாதம் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வி, சாதிப் பாகுபாடு என்ற குற்றச்சாட்டுகளுக்கு நடுவே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருடைய அம்மாக்களும், ராதிகா வேமுலாவும் ஆபேதா தட்வியும், 2019-ல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டதில் முக்கியமானது, ஏற்கனவே இருக்கும் விதியை அமல்படுத்துங்கள் என்பதுதான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அதையும் ஒரு மனுவாகப் போட வேண்டியிருந்தது. அந்த வழக்கின் நெருக்கடியில்தான் 2026 ஜனவரி 13-ல் புதிய விதிகள் வந்தன. எதிர்ப்பு கிளம்பியது, அதே மாதம் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்துவிட்டு, பழைய 2012 விதிகளே தொடரட்டும் என்றது. ஆகவே உங்கள் கையில் இருப்பது பதினாலு வருடப் பழைய ஆயுதம். துருப்பிடித்ததுதான், ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் அதை உறையிலிருந்து எடுத்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலிப் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டீன் நாக் குழுவிடம் 'பெறப்பட்ட புகார்கள்: இல்லை' என்று பெருமையாகக் காட்டுவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கில் யுஜிசி திரட்டிக் கொடுத்த கணக்குப்படி சாதிப் பாகுபாட்டுப் புகார்கள் 2019-20-ல் 173, 2023-24-ல் 378. இரு மடங்குக்கு மேல் கூடிவிட்டது என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. எனக்கு அதிர்ச்சி வேறு இடத்தில். இந்தக் கணக்கு 704 பல்கலைக்கழகங்களும் 1,553 கல்லூரிகளும் கொடுத்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் வளாகங்களில் ஒரு வருடத்துக்கு 378 புகார்தான் என்றால், ஆறு வளாகத்துக்கு ஒன்றுதான் தேறும். அத்தனை நல்ல நாடா இது? கேமராவுக்குக் கீழே பெட்டி வைத்த டீன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வேறென்ன. எந்த வளாகத்தில் புகார் கூடுகிறதோ அங்கே நம்பிப் பேசலாம் என்று ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

உங்கள் மூத்த பேராசிரியர் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. அவர் தலைமுறையில் பேரை மட்டும் கூப்பிட்டு, சாதியைக் கேட்காமல் பாடம் எடுத்த வாத்தியார்தான் பெரிய மனிதர். ஆனால் இன்றைக்கு யாரும் நேராகக் கேட்பதே இல்லையே! ஐஐடிகளில் ரேங்க் என்ன என்று கேட்பார்கள். நம் ஊரில் கட்-ஆஃப் எவ்வளவு. முதல் நாள், முதல் அரை மணி நேரத்திலேயே பையன் எந்தப் பட்டியலில் வந்தான் என்று தெரிந்துவிடும். 2023 பிப்ரவரியில் ஒரு முதலாமாண்டு மாணவனின் மரணத்துக்குப் பிறகு, அதே வருடம் மும்பை ஐஐடி, சக மாணவரிடம் ரேங்க் கேட்பது முறையல்ல என்று எழுதியே வைத்தது. ஞாபகப்படுத்தும் வேலையை விடுதி ஏற்கனவே செய்து முடித்துவிட்டது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் நல்ல மனிதர் என்கிறீர்கள், யோசிப்பார்.

சரி, என்னதான் செய்வது? கருத்தரங்கை விடுங்கள். பணத்தையும் கெடுவையும் பாருங்கள்.

2024 ஜூன் 24. உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் பக்கம் ஒரு கிராமம், கூலித் தொழிலாளியின் மகன், தலித் பையன், 18 வயது. தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது, 17,500 ரூபாய் கட்டி உறுதி செய்ய வேண்டும். கெடு மாலை ஐந்து மணி. ஊரில் திரட்டிப் பணம் கைக்கு வந்தபோது மணி நாலே முக்கால். ஆவணங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இணையதளம் மூடிவிட்டது, இடம் போயிற்று. அங்கே இங்கே அலைந்து, அந்த வருடம் நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் போய், செப்டம்பர் 30-ல் தலைமை நீதிபதி அமர்வு தன் தனி அதிகாரத்தைக் கொண்டு அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. தீர்ப்பைக் கொண்டாடினோம், நானும்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள் மேடம், அன்றைக்கு நாலே முக்காலுக்கு அந்தப் பையன் கூப்பிட ஒரு போன் நம்பர் இருந்து, எடுத்துப் பேச அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்திருந்தால் தலைமை நீதிபதி வரைக்கும் போயிருக்க வேண்டுமா?

உங்கள் வளாகத்தில் வாராவாரம் ஒரு நாலே முக்கால் இருக்கும். உதவித்தொகை ஆதாரோடு இணைத்த கணக்குக்குப் போகிறது. எந்தக் கணக்கு? பள்ளியில் படிக்கும்போது திறந்து, பாஸ் புத்தகம் தொலைந்து, வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடக்கும் கணக்கு. போர்ட்டலில் பணம் போய்விட்டது என்று காட்டும், பையன் வரவில்லை என்பான், அலுவலகம் பொய் சொல்கிறான் என்று நினைக்கும், அதற்குள் மெஸ் பில் ஏறிவிடும். இதை ஒரு மத்தியானம் வங்கிக்குக் கூட்டிப்போனால் தீர்த்துவிடலாம். சமத்துவம் என்று இதற்கு யாரும் பேர் வைக்க மாட்டார்கள், ஜியோ டேக் போட்டோவும் எடுக்க முடியாது.

இங்கே என் கதை ஒன்று. தொண்ணூறுகளில் நான் பி.ஏ. முதல் வருடம் படிக்கும்போது, மூன்றாம் வருடம் வரலாறு படித்த பார்வையற்ற அண்ணன் ஒருவருக்குப் பரீட்சை எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். மாமல்லன், நரசிம்மவர்மன், ராஜசிம்மன் எல்லாரும் எனக்கு ஒன்றுதான், எந்த நரசிம்மவர்மன் என்று நான் திருப்பிக் கேட்பேன், அவர் பொறுமையாகச் சொல்வார், நேரம் ஓடும். இன்றைக்கு இப்படி எழுதுகிறவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்று 2013-லிருந்து மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் கல்லூரியில் மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம்தான். மணி அடித்ததும் கண்காணிப்பாளர் தாளைப் பிடுங்கிவிட்டார், இன்னும் ஒரு பெரிய கேள்வி பாக்கி. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கை மட்டும் மேஜை மேல் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

அடுத்த பரீட்சைக்குத் தேர்வுப் பிரிவு கிளார்க் ஒருவர் எங்களைத் தனி அறையில் உட்கார வைத்தார். மணி அடித்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "கட்டு கட்ட எனக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும், எழுதுங்க" என்றார். அந்த மனிதர் விதிப்படி செய்தது தப்பு, மாட்டியிருந்தால் வேலைக்கே ஆபத்து. அவர் காலத்தில் சம வாய்ப்பு மையம் என்ற பெயரே கிடையாது. நான் இதைச் சொல்வது அவரைப் புகழ மட்டும் இல்லை. ஒரு கிளார்க்கின் மனசை நம்பி ஒரு பட்டம் நிற்கக் கூடாது என்பதற்குத்தானே விதி போட்டார்கள். இப்போது விதி இருக்கிறது, ஸ்டூல் போட்டு உட்கார ஆள் இல்லை.

இனி உங்கள் கேள்வி. சும்மா விலகாதீர்கள். ஆனால் சேவை என்று தலையில் சுமந்துகொண்டும் நிற்காதீர்கள், அதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். "உங்களுக்குத்தான் தெரியும்" என்று உங்களிடம் தள்ளிவிடும் டீன், நாளைக்குப் பதவி உயர்வு வரும்போது ஆராய்ச்சிக் கட்டுரை ஏன் குறைவு என்று கேட்பார். அந்தச் சமூகத்திலிருந்து வந்தவரே அந்தப் பிள்ளைகளுக்கு அழுதுகொள்ளட்டும் என்ற ஏற்பாடு இது. அதனால் எழுத்தில் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை வகுப்பு குறையும்? பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார், அவர் பேராசிரியரா? (அந்த நல்ல மனிதரையே கேட்டுப் பாருங்களேன்.) 60 நாள் கணக்கை யார் வைப்பது? அவசரத்துக்கு ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்துவிட்டு உதவித்தொகை வந்ததும் எடுத்துக்கொள்ள ஒரு சிறு நிதி ஒதுக்க முடியுமா? ஆணை வந்தால் இருங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள். அந்தக் கடிதமும் ஃபைலில்தான் சேரும், நாக் குழு படிக்கட்டும்.

அப்புறம் அந்தப் பையனின் ரெக்கார்டு நோட்டு. அது இன்னும் ஸ்டாஃப் ரூமில்தான் கிடக்கிறதா? கையெழுத்துப் போட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், அட்டெண்டரிடம் கொடுத்து அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. பெட்டியைப் பற்றிச் சொன்னீர்கள், கேமராவைப் பற்றிச் சொன்னீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது?