சாக்கேயும் செஞ்சோற்றுக்கடனும்

வணக்கம் சார்,

ஜப்பானின் அரிசி மதுவான சாக்கே பற்றிய உங்கள் கட்டுரையைப் போன மாதம் படித்தேன். நானும் மனைவியும் ஒசாகாவில் ஆறு வருடமாக இருக்கிறோம், வார இறுதியில் ஏதாவது ஒரு புது பாட்டில் வாங்கிப் பார்ப்பது எங்கள் பழக்கம். நீங்கள் புகழ்ந்திருந்த ஆலையின் சாக்கேயை உங்களை நம்பித்தான் 4,000 யென் கொடுத்து வாங்கினோம். மோசமில்லை, ஆனால் நீங்கள் எழுதிய அளவுக்கு இல்லை. அப்புறம் கட்டுரையை மறுபடி படித்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது: பயணச் செலவும் தங்குமிடமும் ஆலையினுடையது என்று. அதை முதல் வரியில் எழுதியிருக்கலாமே? ஒயின் விமர்சகர்கள் எல்லாருமே இப்படித்தானா? ஓசியில் குடித்துவிட்டு நூற்றுக்கு 95 மார்க் போடுகிறவர்களை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான்.

கே., ஒசாகா

அன்புள்ள கே.,

முதல் வரியில்தான் எழுதியிருக்க வேண்டும். இன்று காலை மாற்றிவிட்டேன். ஆனால் அந்தக் கட்டுரையில் அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. நீங்கள் எத்தனை முறை படித்தாலும் அது கண்ணில் படாது, ஏனென்றால் அது நான் எழுதாமல் விட்டது.

அந்த ஆலையில் எனக்கு ஐந்து சாக்கே ஊற்றித் தந்தார்கள். சோதிக்கிற கிண்ணத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், வெள்ளைப் பீங்கான், அடியில் இரண்டு நீல வளையம், ஜாநோமே, அதாவது பாம்பின் கண் என்று அதற்குப் பெயர். நீலத்தின் மேல் கலங்கல் இருந்தால் தெரியும், வெள்ளையின் மேல் நிறம் தெரியும். நான்கு கிண்ணங்கள் சுத்தம். ஐந்தாவதில் வெள்ளைப் பகுதி லேசாக மஞ்சளடித்தது, மோந்து பார்த்தால் தக்குவான் என்கிற முள்ளங்கி ஊறுகாயின் வாடை. ஹினேகா என்பார்கள், சூட்டில் கிடந்து பழசாகிப்போன சாக்கேயில் வருவது. வேண்டுமென்றே பல வருடம் வைத்துப் பக்குவப்படுத்துகிற கொஷு வேறு, இது வேறு. அந்த ஐந்தாவதுதான் அந்த ஊர்க் கடைகளில் அதிகம் விற்கிற, விலை குறைந்த பாட்டில்.

கட்டுரையில் நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. நான்கைப் பற்றி எழுதினேன், ஐந்தாவதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலைக்காரரின் அம்மா இரண்டு நாளும் காலையில் எனக்காக மிசோ சூப்பும் சோற்றுருண்டையும் செய்து வைத்திருந்தார், கிளம்பும்போது அவர் மகன் நாற்பது நிமிடம் கார் ஓட்டி ரயில் நிலையத்தில் விட்டார், ரயில் நகரும்வரை நடைமேடையில் நின்று குனிந்து வணங்கினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவன் நான். எழுத உட்கார்ந்தபோது கை தானாகவே அந்த ஐந்தாவது கிண்ணத்தைத் தாண்டிப் போய்விட்டது. நம் ஊரில் இதைச் செஞ்சோற்றுக்கடன் என்போம், ஜப்பானியர்கள் கிரி என்பார்கள், வாழ்க்கையில் இரண்டுமே நல்ல குணங்கள், ஆனால் காசு கொடுத்து வாங்கப்போகிற உங்களுக்கு அந்தக் குணத்தால் ஒரு பயனும் இல்லை.

லஞ்சம் வாங்கி மார்க் போடுகிறவர்கள் இருக்கலாம், ஆனால் என் கவலை அவர்களைப் பற்றி அல்ல, சோறு தின்ற நன்றியில் வாயை மூடிக்கொள்கிறவர்களைப் பற்றித்தான். அவர்களே அதிகம், அதில் நானும் ஒருவனாகிவிட்டேன்.

இந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டு தொழிலுக்கு வந்தவர்களும் உண்டு. அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் முதலில் ஒரு வக்கீல், 1978இல் தி ஒயின் அட்வகேட் இதழைத் தொடங்கும்போது விளம்பரம் வாங்குவதில்லை, சந்தாக் காசில்தான் நடத்துவது என்று முடிவு செய்தார். நுகர்வோருக்காகப் போராடிய ரால்ஃப் நேடர்தான் அவருக்கு முன்மாதிரி. ஆரிகனில் அவரும் மனைவியின் சகோதரரும் சேர்ந்து வைத்திருந்த திராட்சைத் தோட்டத்தின் ஒயினுக்கு அவர் மார்க் போடவே இல்லை, பங்கு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இதில் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. அப்படிப்பட்ட இதழிலும் 2011இல் என்ன ஆனது பாருங்கள். அந்த இதழுக்காக ஸ்பெயின் ஒயின்களுக்கு மார்க் போட்டவர் ஒரு பகுதிக்கு வந்து போவதற்கு, ஏற்பாடு செய்தவர் தரப்பிலிருந்து அங்குள்ள ஒயின்காரர்களிடம் பெருந்தொகை கேட்கப்பட்டதாக மின்னஞ்சல்கள் வெளியாயின. தான் காசு வாங்கவில்லை என்று விமர்சகர் மறுத்தார், அந்த ஆண்டு முடிவில் இதழைவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கிற சாமி கை நீட்டாவிட்டாலும் வாசலில் ஒருவர் தட்டோடு நின்றால் போதும், வாசகனின் நம்பிக்கை போய்விடும்.

விளம்பரம் வாங்கும் இதழ்கள் எப்படி என்று கேட்பீர்கள். ஜோனதன் ராய்ட்டர் என்ற நிதியியல் பேராசிரியர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரம் வாங்குகிற ஒயின் ஸ்பெக்டேட்டரின் மார்க்குகளை, விளம்பரம் வாங்காத ஒயின் அட்வகேட்டின் மார்க்குகளோடு ஒப்பிட்டார். விளம்பரம் கொடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் விழுந்திருந்தது, ஒரு புள்ளிகூட முழுசாக இல்லை. நான் எதிர்பார்த்ததைவிட இது குறைவு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் 89க்கும் 90க்கும் நடுவில் இருப்பதும் ஒரு புள்ளிதான், கடைக்காரர் அட்டையில் எழுதித் தொங்கவிடுவது 90ஐ மட்டும்தான்.

விருதுகள் இன்னும் மோசம். 2008இல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்பவர் மிலான் நகரில் இல்லாத ஓர் உணவகத்தின் பேரில் ஒரு ஒயின் பட்டியல் தயாரித்தார். அதன் விலையுயர்ந்த பகுதியில் ஒயின் ஸ்பெக்டேட்டரே மட்டமென்று எழுதிய ஒயின்களாகப் பார்த்துச் சேர்த்தார், 250 டாலர் கட்டணத்தோடு அந்த இதழ் உணவகங்களுக்குத் தரும் விருதுக்கே அனுப்பினார், விருது வந்தது.

சாக்கேக்கு வருகிறேன், நீங்கள் வாங்குவது அதைத்தானே. ஜப்பானில் வெகுகாலம் அரசாங்கம்தான் விமர்சகர். சிறப்புத் தரம், முதல் தரம், இரண்டாம் தரம் என்று 1992 வரை ஒரு முறை இருந்தது. ஆலைக்காரர் சாக்கேயைச் சோதனைக்கு அனுப்பி மேல் தரம் வாங்கினால் வரியும் கூடும், அனுப்பாவிட்டால் எவ்வளவு நல்ல சாக்கேயும் இரண்டாம் தரம்தான். தரம் சொல்கிற கையும் வரி வாங்குகிற கையும் ஒன்றே என்றால் அந்தத் தரத்துக்கு என்ன அர்த்தம்? மியாகி மாகாணத்து இச்சினோகுரா ஆலை 1977இல் நல்ல சாக்கேயைச் சோதனைக்கே அனுப்பாமல் இரண்டாம் தரமாகவே விற்றது. அதற்கு வைத்த பெயர் முகான்சா, சோதிக்கப்படாதது என்று பொருள். சோதித்துச் சொல்ல வேண்டியது குடிக்கிற நீங்கள்தான் என்ற பொருளில் லேபிளிலேயே எழுதியும் வைத்தார்கள். அது இன்றும் விற்பனையில் இருக்கிறது, ஒரு முறை வாங்கிப் பாருங்கள். என் காசில் வாங்கித்தான் குடித்தேன், அந்த ஆலைக்காரர் யாரையும் எனக்குத் தெரியாது.

1911இல் தொடங்கிய தேசியப் புது சாக்கே போட்டியில் காசு வாங்கி மார்க் போடும் பிரச்சினை இல்லை, அங்கே சிக்கல் வேறு. எது ஜெயிக்கும் என்று தெரிந்துவிட்டால் எல்லாரும் அதையே செய்வார்கள். யமதா நிஷிகி அரிசி, குமாமோட்டோ ஈஸ்ட், 35 சதவீதம் மட்டும் மிஞ்சும்படி தீட்டுவது, இதற்கு ஒய்கே35 என்று பெயரே வந்துவிட்டது. போட்டிக்கென்று தனியாக ஒரு தொட்டி காய்ச்சுவார்கள், அது கடைக்கு வருவதோடு ஒத்திருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் 4,000 யென் பாட்டிலும் அப்படித்தானோ என்று எனக்குச் சந்தேகம். நான் குடித்தது ஆலையின் குளிர் அறையிலிருந்து நேராக வந்தது, நீங்கள் வாங்கியது எந்தக் கடையின் எந்த அலமாரியில் எத்தனை மாதம் நின்றதோ. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சொந்தக் காசில் வாங்குகிறவரை மட்டும் நம்புவேன் என்றால், வசதியுள்ளவர்கள் மட்டும்தான் எழுத முடியும். பிரான்சின் போர்தோ ஒயினுக்குப் பீப்பாயில் இருக்கும்போதே மார்க் போடுகிறார்கள், அதைக் காசு கொடுத்தாலும் கடையில் வாங்க முடியாது. அதனால் ஓசியா இல்லையா என்பதோடு நான் நிறுத்த மாட்டேன். ஒருவர் எழுதியதை வாங்கும் முன் அவருடைய பழைய கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள், தன்னை அழைத்துச் சோறு போட்டவரின் பாட்டிலை வேண்டாம் என்று ஒரு தடவையாவது எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். என்னுடையதில் தேடினால் இன்று வரை கிடைக்காது.

இனி ரயில் டிக்கெட்டும் அறையும் என் செலவு. ஊற்றித் தந்த எல்லாக் கிண்ணத்தையும் எழுதுவேன், புகழ்வதற்கு முன் அதே பாட்டிலைக் கடையில் வாங்கி இன்னொரு முறை குடித்துப் பார்ப்பேன்.

ஐந்தாவது சாக்கே பற்றிய பத்தியை எழுதி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டுரையில் சேர்த்துவிடுவேன். அதற்கு முன் ஆலைக்காரருக்குத் தெரிவிப்பதுதான் முறை என்று முந்தாநாள் அவருக்குக் கடிதம் எழுதினேன், அவர் அம்மாவை விசாரித்தும் இரண்டு வரி சேர்த்தேன். இன்னும் பதில் வரவில்லை.