உருகுவே வென்றது இரண்டே கால்பந்து உலகக் கோப்பைகள். சட்டையில் நான்கு நட்சத்திரங்கள் ஏன்?

கணக்கு சரிதான். உலகக் கோப்பையை உருகுவே 1930, 1950 ஆகிய இரு ஆண்டுகளில்தான் வென்றது. மற்ற இரண்டு நட்சத்திரங்கள் 1924 பாரிஸ், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் தங்கங்களுக்கானவை.

அப்போது உலகக் கோப்பையே பிறக்கவில்லை. ஒலிம்பிக் கால்பந்தை அமெச்சூர்களின் உலகப் போட்டியாக ஏற்பதாக உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 1914-லேயே தீர்மானித்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் உருகுவே வாதாடுகிறது. நானும் அந்தக் கட்சிதான். இங்கிலாந்து ஆடாத போட்டி என்ன உலகப் போட்டி என்பார்கள். 1930-லும்தான் இங்கிலாந்து ஆடவில்லை. அதை யாராவது கணக்கிலிருந்து நீக்கினார்களா?

அந்த 1930 இறுதிப் போட்டியில் யார் பந்தில் ஆடுவது என்பதற்கே தகராறு. முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்து, இரண்டாம் பாதி உருகுவேயின் பந்து என்று முடிவானது. இடைவேளையில் 2-1 என முன்னிலையில் இருந்த அர்ஜென்டினா, கடைசியில் 4-2 எனத் தோற்றது. நான்காவது கோலை அடித்த ஹெக்டர் காஸ்ட்ரோ, சிறுவயதில் ரம்பத்தில் சிக்கி வலது முன்கையை இழந்தவர்.

போட்டிக்கு ஐரோப்பாவிலிருந்து நான்கு அணிகளே வந்த கோபத்தில், நடப்புச் சாம்பியனான உருகுவே, 1934 போட்டி நடந்த இத்தாலிக்குப் போகவே இல்லை. ரோஷக்காரர்கள்!

1950 கோப்பையை முடிவுசெய்த மரக்கானா அரங்க ஆட்டத்தில் டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. இடைவேளை முடிந்ததும் பிரேசில் கோல் அடித்தது. உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆஃப்சைடு என்று நடுவரிடம் வழக்காடினார். கோல் திரும்பப் போவதில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? அரங்கின் ஆரவாரம் அடங்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஸ்கியாஃபினோ ஒன்று, கிஜ்ஜியா ஒன்று. 2-1.

அதன்பின் இறுதிப் போட்டியையே எட்டவில்லை. 1954, 1970, 2010 மூன்றிலும் நான்காம் இடம். 2010 காலிறுதியின் கடைசி நொடிகளில் கானாவின் கோலை சுவாரஸ் கையால் தடுத்தார். அந்தப் பெனால்டியை கானா வீரர் ஞான் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். தென் அமெரிக்காவில் மட்டும் மவுசு குறையவில்லை: 15 கோப்பா அமெரிக்கா பட்டங்கள், கடைசியாக 2011-ல்.

இரண்டு நட்சத்திரங்களை எடுக்கும்படி ஃபிஃபா கேட்டதாக 2021-ல் செய்தி வந்தது. 2022-ல் கத்தாரில் நான்கோடுதான் இறங்கினார்கள். கடைசி ஆட்டத்தில் கானாவை 2-0 என வென்றும், அடித்த கோல்களின் எண்ணிக்கையில் தென் கொரியாவிடம் பின்தங்கி முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள் என்பது வேறு விஷயம்.