ஒரு பக்கத்தில் பதினொரு ‘பிறகு’

அன்புள்ள ஐயா,

வணக்கம். மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 22 பிள்ளைகள். எல்லோர் வீட்டிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழிதான். கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, டியூஷனில் மனப்பாடம் செய்த காவடிக் கட்டுரை, பிழையே இருக்காது. மற்றது சொந்தமாக எழுதியது. போன வாரம் ஒரு பையன் ‘நான் போனான் சந்தைக்கு’ என்று ஆரம்பித்து, ஒரே பக்கத்தில் பதினொரு ‘பிறகு’ போட்டிருந்தான். எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் திருத்தித் தருகிறேன். அடுத்த வாரம் அதே பிழைகள் திரும்பி வருகின்றன. மனப்பாடம் செய்தவளுக்கு 9, இவனுக்கு 4 போட்டேன். மனம் ஒப்பவில்லை. எப்படிக் கற்பிப்பது, எப்படி மதிப்பெண் போடுவது?

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் வகுப்பில் கட்டுரை எழுதியவன் அந்தப் பதினொரு ‘பிறகு’க்காரன்தான். மற்றது ஞாபகசக்திப் பரீட்சை. அதற்கு 9 போடுவது அந்தப் பெண்ணுக்கே கெடுதல். தலைப்பைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் அவள் பேனா நின்றுவிடும்.

பையனின் பிழைகளை முதலில் இனம் பிரித்துப் பாருங்கள். நீங்கள் காட்டியவை கவனக்குறைவால் வந்தவை அல்ல, கிரியோல் இலக்கணத்திலிருந்து வந்தவை. ‘மோ தி ஆல் பாஸார்’ (நான் சந்தைக்குப் போனேன்) என்பதில் மோவுக்குப் (நான்) பதில் தோ (நீ) வந்தாலும் லி (அவன், அவள்) வந்தாலும் வினை அசையாது. இறந்தகாலத்தை ‘தி’ சொல்லிவிடும். வினையின் வாலில் ஆளும் பாலும் எண்ணும் தொங்கவேண்டும் என்பது அவன் வீட்டில் கேட்டறியாத சங்கதி. அதனால் ‘நான் போனான்’. அவன், அவள், அது மூன்றுக்கும் ‘லி’ ஒன்றே போதும் என்பதால் தங்கையும் ‘வந்தான்’ ஆகிவிடுவாள். ‘பிறகு’ கதையும் இதேதான். கிரியோலில் நடந்ததைச் சொல்லும்போது ‘அப்றே... அப்றே...’ என்று கோத்துக்கொண்டே போகலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பையன் அப்றேயைத் தமிழாக்கியிருக்கிறான்.

‘போனான்’ என்பதை அடித்து நீங்கள் ‘போனேன்’ என்று எழுதினால், அந்த வேலையைச் செய்தது உங்கள் கை. அவன் வாய் அந்தச் சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. ஆகவே எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம் வாய்ப்பயிற்சி. வாய்பாடு மாதிரி ‘போனேன், போனாய், போனான்’ ஒப்பிப்பது பயன்தராது. அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒருத்தி ‘நேற்று நான் பாட்டி வீட்டுக்குப் போனேன்’ என்று சொல்லட்டும். பக்கத்துப் பையன் அதை வகுப்புக்குச் சொல்லவேண்டும்: ‘அவள் பாட்டி வீட்டுக்குப் போனாள்.’ அடுத்தவன் அவளையே பார்த்து, ‘நீ பாட்டி வீட்டுக்குப் போனாயா?’ ஆள் மாறுகிறது, வாலும் மாறுகிறது. வாய்க்குப் பழகிய பிறகு அதே மூன்று வாக்கியங்களை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

‘பிறகு’வை ஒழிக்க நம் மொழியிலேயே கருவி இருக்கிறது: வினையெச்சம். இரண்டு சின்ன வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ‘அம்மா சந்தைக்குப் போனாள். பிறகு அம்மா கத்தரிக்காய் வாங்கினாள்.’ ‘பிறகு’ இல்லாமல், ‘அம்மா’வை ஒருமுறை மட்டும் சொல்லி ஒரே வாக்கியமாக்கு என்று கேளுங்கள். ‘அம்மா சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கினாள்.’ நாளுக்கு மூன்று ஜோடி போதும். போய், வந்து, வாங்கி, எடுத்து, பார்த்து, சாப்பிட்டு, குளித்து என்று பத்துச் சொற்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள். வாக்கியங்களை இணைக்கும் இந்தப் பயிற்சி, எழுத்தைப் பற்றிய ஆய்வுகளில் நெடுங்காலமாகத் தேறிவந்த முறை. ஒரு சிக்கல் மட்டும் வரும்: பொதுவாக, இரண்டு செயலையும் செய்தவர் ஒருவராக இருக்கும்வரைதான் இது சரிப்படும். ‘மணி அடித்து நாங்கள் ஓடினோம்’ என்று எழுதுவார்கள். அப்படி வந்தால் சந்தோஷப்படுங்கள். ‘மணி அடித்ததும்’, ‘மழை பெய்ததால்’ இரண்டையும் சொல்லித்தர அதுதான் சமயம்.

நேரம் பற்றி. அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வு நிறுவனம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, முதல் வகுப்பிலிருந்தே நாளுக்கு ஒரு மணி நேரம் எழுத்துக்கு என்கிறது. தாய்மொழி வகுப்பில், மற்றப் பாடங்களில் எழுதுவதையும் சேர்த்துக்கொண்டால் அது நடக்கும். உங்களுக்கு நடக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் ஒரு கட்டுரை என்பதைவிடத் தினம் 15 நிமிடம் மேல். திங்களன்று எழுதவேண்டியதைப் பேசுங்கள். செவ்வாயன்று அவர்கள் கண்ணெதிரே நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள்; தயங்கி, ஒரு சொல்லை அழித்து, ஏன் அழித்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். பெரும்பாலான வகுப்புகளில் விட்டுப்போவது இதுதான். எழுதி முடித்த கட்டுரையைப் பிள்ளைகள் நிறையப் பார்க்கிறார்கள், ஒரு கட்டுரை எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்பதே இல்லை. புதனும் வியாழனும் அவர்கள் வரைவு எழுதட்டும், வெள்ளியன்று அதைத் திருத்தட்டும்.

முதல் மாதத்தில் செய்முறை எழுதச் சொல்லுங்கள். கத்தோ பிமா (மிளகாய் வடை) எப்படிச் செய்வது? பருப்பை ஊறவைத்து, அரைத்து, மிளகாயும் வெங்காயத்தாளும் சேர்த்து, உருட்டி, எண்ணெயில் போட்டு எடுத்து... வினையெச்சம் தானாகவே வந்து விழும், வரிசையும் பிசகாது. காவடியை விலக்கவேண்டாம், கேள்வியைக் குறுக்குங்கள். ‘நீ நின்ற இடத்திலிருந்து முதலில் என்ன சத்தம் கேட்டது? யார் கால் வலிக்கிறது என்றார்?’ டியூஷன் கட்டுரையில் இதற்குப் பதில் கிடையாது. எழுதியதை வாசிக்க உண்மையான ஆளும் வேண்டும். பல வீடுகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இல்லை என்பதால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். சின்னவர்களுக்குப் புரியவில்லை என்றால் அதைவிடப் பெரிய சிவப்பு மை இல்லை.

திருத்தும்போது, அந்த வாரம் கற்பித்த ஒன்றை மட்டும் தொடுங்கள். வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். பிழை எங்கே என்று தேடுவது அவன் வேலை. எழுத்துப்பிழைக்குத் தனி நேரம்: அவர்கள் நோட்டிலிருந்தே எடுத்த எட்டுச் சொற்களைச் சொல்லி எழுதவையுங்கள். கொம்பு இடம் மாறுவது அடிக்கடி வரும். ‘கே’யில் க் முதலில் ஒலிக்கிறது, ஆனால் கொம்பை முதலில் எழுதவேண்டும், ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்தும் வரும் மொழிகளில் பழகிய கைக்கு அது தலைகீழ். ல, ள, ழ வேறுபாடு கிரியோலிலும் பிரெஞ்சிலும் இல்லை. காது உதவாது, கண்தான் பழகவேண்டும், பொறுமையாக இருங்கள். ஒற்று மிகும் மிகாது என்பதை ஐந்தாம் வகுப்பில் தொடவே தொடாதீர்கள். பெரியவர்களே தடுக்கிவிழும் இடம் அது.

இனி மதிப்பெண். 10-ஐப் பிரியுங்கள்: சொன்ன விஷயத்துக்கு 4, வரிசைக்கு 2, வாக்கியத்துக்கு 2, எழுத்துக்கு 2. ஒரே எழுத்துப்பிழை ஐந்து இடத்தில் வந்தாலும் ஒரு பிழைதான். விஷயத்துக்கு 4 என்றால் என்ன என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். உதாரணமாக: ‘கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது, அந்தப் பிள்ளை மட்டுமே சொல்லக்கூடிய இரண்டு விவரங்கள் இருக்கின்றன.’ 2 என்றால், ‘பதில் இருக்கிறது, விவரம் பொதுவானது.’ இந்த ஒரு வரியிலேயே மனப்பாடக் கட்டுரை 2-க்கு இறங்கிவிடும், நீங்கள் யாரையும் குற்றம்சாட்டவேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு மொத்தம் 8 வரலாம், பையனுக்கு 6 அல்லது 7. அது நியாயமான இடைவெளி.

பெயர் தெரியாதபடி நோட்டைத் திறந்துவைத்து, 22 பேருக்கும் முதலில் விஷயத்துக்கு மட்டும் போடுங்கள். பிறகு திரும்ப வந்து வரிசைக்கு. ஒரே நோட்டில் நான்கையும் போட்டால் அழகான கையெழுத்து எல்லா மதிப்பெண்ணையும் தூக்கிவிடும். பருவத்துக்கு ஒருமுறை ஐந்து நோட்டுகளை இன்னொரு தமிழாசிரியரிடம் கொடுத்துத் தனியே போடச் சொல்லுங்கள். ஒரு மதிப்பெண் வித்தியாசம் இயல்பு. மூன்று என்றால், நீங்கள் எழுதிவைத்த வரி தெளிவாக இல்லை.

வளர்ச்சியைக் காட்ட வேறொரு சின்ன அளவுகோல் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டீனோவும் அவர் குழுவினரும் 1980-களில் சோதித்துப் பார்த்தது. ஒரு தொடக்க வாக்கியம் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, மூன்று நிமிடம் எழுதவையுங்கள். எத்தனை சொல், அதில் எத்தனை சரி, அடுத்தடுத்த இரு சொற்கள் பிழையின்றிப் பொருந்தி நிற்கும் ஜோடிகள் எத்தனை என்று எண்ணவேண்டும். ஆங்கிலத்துக்கு வகுத்த எண்களைத் தமிழில் ஒப்பிடாதீர்கள். ‘வீட்டிலிருந்து’ நமக்கு ஒரே சொல். பிள்ளையின் பிப்ரவரி எண்ணை அவனுடைய ஜூன் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

‘ஆறாம் வகுப்பில் பி.எஸ்.ஏ.சி. பரீட்சை வருகிறதே, மனப்பாடம் செய்தால்தானே பத்திரம்?’ என்று பெற்றோர் கேட்பார்கள். 2017-இல் பழைய தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சையான சி.பி.இ. போய் இது வந்தபோதும் அந்தப் பயம் போகவில்லை. இரண்டு நோட்டுகளையும் பெயரை மறைத்து அவர்கள் முன் வைத்து, எதை எழுதிய பிள்ளையிடம் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றுகிறது என்று கேட்டுப்பாருங்கள்.

அந்தப் பதினொரு ‘பிறகு’ பக்கத்தை இனிமேல் திருத்தவேண்டாம். நகல் எடுத்து, தேதி போட்டு ஃபைலில் வையுங்கள். பருவக் கடைசியில் சந்தையைப் பற்றியே மறுபடி எழுதச் சொல்லி, இரண்டையும் அவனிடமே கொடுங்கள். ‘பிறகு’களை எண்ணுவதும் அவனே.