வாசகர் கேள்வி பதில்: ஒரு லத்தீன் வேரும் அதைச் சுற்றிய ஆங்கிலச் சொற்களும்

கேள்வி: நூறு லத்தீன் வேர்ச்சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் புதிய ஆங்கிலச் சொல்லைக் கண்டால் பொருள் பிடிபடவில்லை. எங்கே தவறு?

பதில்: திசையில்தான் தவறு. தெரியாத வேரிலிருந்து தெரியாத சொல்லுக்குத் தாவப் பார்க்கிறீர்கள். முதலில் தெரிந்த சொற்களிலிருந்து வேருக்கு வாருங்கள். புதிய சொல் அதற்குப் பிறகு.

இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், சஸ்பெக்ட், எக்ஸ்பெக்ட் ஆகிய நான்கும் உங்களுக்குத் தெரிந்தவை. நான்கிலும் இருப்பது ‘பார்’ என்று பொருள்படும் ‘ஸ்பெகெரே’ என்ற லத்தீன் வினை. முன்னொட்டைப் பிரித்துப் பாருங்கள். ‘இன்’ என்றால் உள்ளே. உள்ளே புகுந்து பார்ப்பது சோதனை. ‘ரெ’ என்றால் திரும்ப. திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஒருவரைப் பொருட்படுத்துவது மரியாதை. ‘அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை’ என்று நாம் குறைப்படும்போதும் மரியாதையைப் பார்வையால்தான் அளக்கிறோம். ‘சப்’ என்றால் கீழே. கீழ்க்கண்ணால் பார்ப்பது சந்தேகம். ‘எக்ஸ்’ என்றால் வெளியே. வருகிறதா என்று வெளியே பார்த்திருப்பது எதிர்பார்ப்பு. நம் சொல்லுக்குள்ளும் ‘பார்’ இருக்கிறது, கவனித்தீர்களா?

இந்த நான்கும் மனத்தில் படமாக நின்ற பிறகு ‘சர்கம்ஸ்பெக்ட்’ என்ற புதிய சொல்லுக்குப் போங்கள். கணக்குப் பாடத்தில் படித்த சர்கம்ஃபெரன்ஸ், அதாவது சுற்றளவு, நினைவுக்கு வரும். சுற்றுமுற்றும் பார்த்து அடி வைப்பவர், எச்சரிக்கையானவர் என்ற பொருள் தானே திறந்துகொள்ளும். ‘ரெட்ரோ’ பின்னோக்கி, ‘இன்ட்ரோ’ தனக்குள், ‘ப்ரோ’ முன்னோக்கி. இந்த மூன்றையும் வைத்து ரெட்ராஸ்பெக்டிவ், இன்ட்ராஸ்பெக்‌ஷன், ப்ராஸ்பெக்ட் ஆகியவற்றுக்கு நீங்களே பொருள் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு அகராதியைத் திறங்கள். எழுதாமல் அகராதியைத் திறந்தால் பயன் பாதிதான்.

கேள்வி: எக்ஸ்பெக்ட் என்பதில் எஸ் எழுத்தே இல்லை. ‘கான்ஸ்பிக்யுவஸ்’ என்பதில் ஸ்பெக்ட் இல்லை, ‘ஸ்பிக்’ இருக்கிறது. இவையும் அதே வேர்தான் என்று எப்படி அடையாளம் காண்பது?

பதில்: நல்ல கேள்வி. பலர் கைவிட்டுப் போகும் இடம் இதுதான். ஆனால் தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விகாரம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

எக்ஸ் எழுத்தின் ஒலியிலேயே எஸ் ஒலி இருப்பதால் அடுத்து வந்த எஸ் கெட்டது. எக்ஸிஸ்ட், எக்ஸிக்யூட் ஆகியவற்றிலும் இப்படியே ஒரு எஸ் கெட்டிருக்கிறது. சஸ்பெக்ட் என்பதில் ‘சப்’ முன்னொட்டின் பி கெட்டது. திரிதலுக்கு எடுத்துக்காட்டு ‘இல்லை’ என்னும் பொருள் தரும் ‘இன்’: பாசிபிளோடு சேர்ந்தால் இம்பாசிபிள், லீகலோடு இல்லீகல், ரெகுலரோடு இர்ரெகுலர்.

உயிர் மாறுவது லத்தீனுக்குள்ளேயே நடந்தது. முன்னொட்டு ஏறியதும் வினையின் உயிர் மெலிந்து ‘ஸ்பெக்’ என்பது ‘ஸ்பிக்’ ஆகும். ‘செய்’ எனப் பொருள்படும் ‘ஃபாக்’ இதே வழியில் ‘ஃபிக்’, ‘ஃபெக்ட்’ ஆகும். ஃபாக்ட், எஃபிஷியன்ட், டிஃபெக்ட் மூன்றும் உறவுக்காரர்கள்.

‘ஸ்பிக்’ வரிசையில் விட்டுவிடக் கூடாத சொல் ஆஸ்பிஷியஸ். ‘ஆவிஸ்’ என்றால் பறவை. பறவையைப் பார்த்து நிமித்தம் சொன்ன ரோமானியரிடமிருந்து ‘மங்களகரமான’ என்னும் பொருள் வந்தது. பழந்தமிழில் ‘புள்’ பறவையையும் நிமித்தத்தையும் குறித்தது. ‘சகுனம்’ என்ற வடசொல்லுக்கும் பறவை என்ற பொருள் உண்டு. இப்படி ஒரு முடிச்சு கிடைத்தால் அந்தச் சொல் மறக்கவே மறக்காது.

புணர்ச்சி தெரிந்தால் எழுத்துக்கூட்டலும் திருந்தும். அக்காமடேட் என்பது ‘ஆட்’, ‘காம்’, ‘மோட்’ மூன்றும் சேர்ந்தது. ‘ஆட்’ முன்னொட்டின் டி, அடுத்த சி எழுத்தாகத் திரிவதால் இரண்டு சி. ‘காம்’ முடிவில் ஓர் எம், ‘மோட்’ தொடக்கத்தில் ஓர் எம், ஆக இரண்டு எம். ரெகமெண்ட் என்பதில் ‘ரெ’ திரியாது. அதனால் ஒரு சி, இரண்டு எம். மனப்பாடம் தேவையே இல்லை.

கேள்வி: சப்மிட் ஏன் சப்மிஷன் ஆகிறது? டி எழுத்து எங்கே போனது?

பதில்: லத்தீன் வினைக்கு ஆங்கிலம் இரண்டு அடிகளைக் கடன் வாங்கியது. ஒன்று நிகழ்கால அடி, மற்றொன்று இறந்தகால எச்ச அடி. தமிழில் ‘வா’ என்பது ‘வந்த’ ஆவதைப் போல அங்கே ‘மிட்’ என்பது ‘மிஸ்’ ஆகும். வினைச்சொல் பெரும்பாலும் முதல் அடியிலிருந்தும், பெயர்ச்சொல் இரண்டாவதிலிருந்தும் வரும்.

ஆகவே வேரை ஒற்றையாகப் படிக்காதீர்கள், இணையாகப் படியுங்கள். ஸ்கிரைப் - ஸ்கிரிப்ட்: டிஸ்கிரைப், டிஸ்கிரிப்ஷன். வைட் - விஸ்: ப்ரொவைட், ப்ரொவிஷன். பெல் - பல்ஸ்: கம்பெல், கம்பல்சரி. வெர்ட் - வெர்ஸ்: கன்வெர்ட், கன்வெர்ஷன். உச்சரிப்புக்கும் ஒரு பிடி உண்டு. ‘ஷன்’ என முடியும் சொல்லில் அதற்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் விழும்.

கேள்வி: வேரை நம்பிப் பொருள் சொல்லி ஏமாந்ததுண்டு. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் எவை?

பதில்: முதலில் ‘இன்’. அது ‘இல்லை’ என்றும் பொருள் தரும், ‘உள்ளே’ என்றும் பொருள் தரும். இன்ஃப்ளேமபிள் என்ற எச்சரிக்கையைத் தீப்பிடிக்காதது என்று படித்தால் ஆபத்து. எளிதில் தீப்பற்றுவது என்பதே பொருள். எதிர்ச்சொல் நான்-ஃப்ளேமபிள்.

அடுத்தது ஒரே தோற்றமுள்ள வேறு வேர்கள். பெடல், பெடஸ்ட்ரியன் ஆகியவற்றில் இருப்பது கால் எனப் பொருள்படும் லத்தீன் வேர். பீடியாட்ரிக்ஸ் என்பதில் இருப்பதோ குழந்தை எனப் பொருள்படும் கிரேக்க வேர். டெரிட்டரி நிலத்திலிருந்து வந்தது, டெரர் அச்சத்திலிருந்து வந்தது. நல்ல அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிறப்பு சொல்லும் வரி இருக்கும். இரண்டு சொற்களுக்கும் அங்கே ஒரே லத்தீன் வினை இருந்தால் மட்டும் உறவு கொண்டாடுங்கள்.

முன்னொட்டில் ஓர் எழுத்து மாறினாலும் பொருள் தலைகீழாகும். ப்ரிஸ்கிரைப் என்றால் மருந்து எழுதிக் கொடுப்பது; ப்ரோஸ்கிரைப் என்றால் தடை செய்வது.

கேள்வி: ப்ரொசீட், ப்ரிசீட், சூப்பர்சீட் மூன்றையும் தவறாகவே எழுதுகிறேன்.

பதில்: ‘சீட்’ என்பதை இரண்டு ஈ சேர்த்து, சி எழுத்தோடு எழுதுவது மூன்றே சொற்களில்: ப்ரொசீட், எக்சீட், சக்சீட். சூப்பர்சீட் ஒன்றுக்கு மட்டும் எஸ். அது ‘உட்கார்’ என்ற வேறு வினை. ப்ரிசீட், ரிசீட், கன்சீட் போன்றவற்றில் சி, ஈ, டி, ஈ.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை வேர் படிக்கலாம்? நோட்டில் எப்படி எழுதுவது?

பதில்: நாளைக்கு அல்ல, வாரத்துக்கு ஒரு வேர் போதும். எட்டு முதல் பத்துச் சொற்கள். ஒரு வேருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். மேலே இரண்டு அடிகளும் தமிழ்ப் பொருளும். கீழே ஏற்கெனவே தெரிந்த சொற்கள் நான்கு, அதன்பின் புதியவை. ஒவ்வொன்றின் எதிரே முன்னொட்டின் பொருள், இன்றைய பொருள், நீங்களே அமைத்த ஒரு வாக்கியம். வாக்கியம் இல்லாத சொல்லைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சஸ்பெக்ட் என்ற வினைக்குப் பின் ‘ஆஃப்’ வரும் என்பதை வேர் சொல்லித் தராது, வாக்கியம்தான் சொல்லும்.

மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் எனத் திருப்புங்கள். வலப்பக்கத்தை மூடி, பொருளை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திறங்கள். வெறுமனே வாசிப்பது திருப்புதல் ஆகாது. தவறியவற்றுக்குப் புள்ளி வையுங்கள்; மூன்று புள்ளி விழுந்த சொல்லுக்குப் புது வாக்கியம் எழுதுங்கள்.

கேள்வி: இதனால் சரளமாகப் பேச வருமா?

பதில்: இதனால் மட்டும் வராது. அன்றாடப் பேச்சில் கெட், புட், டேக் போன்ற பழைய ஜெர்மானிய வழிச் சொற்களே அதிகம். ஒத்திப் போடுவதை எழுத்தில் போஸ்ட்போன் என்பார்கள், பேச்சில் புட் ஆஃப் என்பார்கள். லத்தீன் வேர் கைகொடுப்பது செய்தித்தாள், பாடநூல், தேர்வு, அலுவலகக் கடிதம் ஆகியவற்றில். பேச்சுக்கு, நோட்டில் ஒவ்வொரு லத்தீன் சொல்லுக்கும் பக்கத்தில் அதன் பேச்சு வடிவத்தையும் எழுதி வாருங்கள்: டாலரேட் பக்கத்தில் புட் அப் வித், இன்வெஸ்டிகேட் பக்கத்தில் லுக் இன்டு.