கணக்கில் விழாத வேலை: பாலினப் புள்ளிவிவரங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அட்டவணையில் ஆண், பெண் என்று தனித்தனியே பிரித்துக் காட்டினாலே அது பாலினப் புள்ளிவிவரம் ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. பிழை பெரும்பாலும் அட்டவணைக்கு முன்பே, வீட்டுத் திண்ணையில் கேட்கப்படும் கேள்வியிலேயே நுழைந்துவிடுகிறது. மனைவி என்ன வேலை செய்கிறார் என்று கணவரிடம் கேட்டால் "வீட்டில்தான் இருக்கிறார்" என்பதோடு பதில் முடிந்துவிடும். அதே பெண்ணிடம், நேற்று விடிகாலை நான்கு மணியிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டுப் பாருங்கள். பால் கறந்தது, சாணம் அள்ளியது, கணவர் சரக்கு வாங்கப் போயிருந்தபோது கடையைப் பார்த்துக்கொண்டது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இப்படித்தான் கேட்கிறது. 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முன்னோட்டம் நடந்தும், நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு 2019இல்தான் நடந்தது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கேள்வி: அதில் தெரியவந்தது என்ன?

பதில்: ஊதியமில்லா வீட்டு வேலைக்கு 2019இல் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள், 2024இல் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் அது 289, 88 என்று ஆனது. ஆனால் இந்தச் சராசரி, அன்றைய தினம் அவ்வேலையில் கைவைத்தவர்களுக்கு மட்டுமே உரியது. 2019இல் அப்படிக் கைவைத்த பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இடைவெளியின் முழு அளவு புரியும்.

கேள்வி: உழைப்புச் சந்தையில் பெண்களின் பங்கேற்பு உயர்ந்துவிட்டதே?

பதில்: 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலை செய்பவர்கள் அல்லது வேலை தேடுபவர்களின் பங்கான அது 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். உயர்வின் பெரும்பகுதி கிராமப்புறச் சுயதொழிலிலும், குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுவதிலும் வந்திருப்பதால், எத்தனை பேர் கையில் சொந்த வருமானம் சேர்ந்தது என்பதை இந்த ஒற்றை விகிதம் சொல்லாது.

கேள்வி: முதலில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: பெண்ணைப் பற்றிய கேள்வியைப் பெண்ணிடமே, கூடுமானவரை தனியாகக் கேட்க வேண்டும். நிலம், வீடு, கடன் ஆகியவற்றைக் குடும்பத்தின் கணக்கில் ஒட்டுமொத்தமாக எழுதாமல், யார் பெயரில் இருக்கிறது என்று ஆள்வாரியாகப் பதிய வேண்டும். மாவட்ட அளவில் நேரக் கணக்கும் வேண்டும். எந்த ஊரில் எந்த மணிக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போக வழியில்லாமல் தாய்மார்கள் வேலையை இழக்கிறார்கள் என்று தெரிந்தால்தான், அங்கன்வாடியை மாலை எத்தனை மணி வரை திறந்து வைப்பது என்பதை முடிவு செய்ய முடியும்.