சிரசாசனம் வராதவர் யோகா ஆசிரியர் பயிற்சியில் சேரலாமா?

யோகா: வாசகர் கேள்வி பதில்

எனக்கு 46 வயது. பத்மாசனம் முழுதாக வராது, சிரசாசனம் என்றாலே பயம். வகுப்பு எடுக்கும் எண்ணமும் இல்லை. என்னைக் கொஞ்சம் சீர்செய்துகொள்ளத்தான் 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியில் சேர ஆசைப்படுகிறேன். ‘இந்த வயசுல உனக்கு எதுக்கு?’ என்கிறார்கள் வீட்டில். சேரலாமா?
— வாசகி, திருமங்கலம்

தாராளமாகச் சேருங்கள். சென்னையில் வாழ்ந்து மறைந்த யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) வழியில் வந்தவர்கள், ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கொடுப்பதையே அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அதுதான் பொருந்தும்.

பத்மாசனத்தில் முழங்கால் வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இடுப்பில் இருக்கிறது. தொடை, இடுப்பு மூட்டில் வெளிப்பக்கமாகத் திரும்பாதபோது அந்த முறுக்கை முழங்கால் வாங்கிக்கொள்கிறது. அதுவோ கதவுக் கீல் மாதிரி மடங்கி நிமிரும் மூட்டு. நாலு விரற்கடை உயரத்துக்குப் போர்வையை மடித்து, அதன் விளிம்பில் சுகாசனத்தில் (சாதாரணச் சம்மணம்) உட்காருங்கள். முழங்கால்கள் இடுப்பை விடத் தாழ்ந்திருந்தால் உயரம் சரி. சிரசாசனத்துக்குப் பதில், சுவரோரம் மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரில் சாய்த்து வையுங்கள். உயர் ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா), கழுத்து எலும்புத் தட்டில் (டிஸ்க்) பிரச்சினை இதில் எது இருந்தாலும் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் தலை கீழே தொங்கும் எந்த ஆசனத்தையும் செய்யக் கூடாது.

28 நாள் தங்கிப் படித்தால் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வரும். ஆசனப் பயிற்சி அதில் ஒரு பங்குதான். பிராணாயாமம், உடற்கூறு, யோக சூத்திரம் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியம், சக மாணவர்களுக்குப் பாடம் நடத்திப் பார்ப்பது. ‘நான்தான் வகுப்பு எடுக்கப் போவதில்லையே’ என்று அதில் மட்டும் பின்வரிசைக்குப் போய்விடாதீர்கள். அதுவரை உங்கள் விரிப்பை மட்டுமே பார்த்திருப்பீர்கள். எதிரே நாலு பேர் நிற்கும்போது, ஒருவர் மூச்சைப் பிடித்திருப்பார், ஒருவருக்கு முழங்கால் உள்ளே சாய்ந்திருக்கும், ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். தன் கவலையைக் கீழே வைத்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும். பயிற்சியில் ஒருவர் நிஜமாக வளர்வது இந்த இடத்தில்தான். பதில் சொல்லும் முன் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கும் பழக்கம் வீடு வரைக்கும் கூட வரும்.

பயிற்சியில் மூன்றாவது வாரம். பாடம் நடத்தச் சொன்னால் குரல் நடுங்குகிறது. இடது வலது குழம்புகிறது. 20 நிமிடப் பாடத்தை 11 நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். என்ன செய்ய?
— வாசகர், ஈரோடு

குரல் நடுங்குவதற்கும் நேரம் ஓடிவிடுவதற்கும் வேர் ஒன்றே: பதற்றத்தில் உங்கள் மூச்சு குறுகிவிடுகிறது, எண்ணிக்கையும் அதோடு ஓடுகிறது. பேசத் தொடங்கும் முன் ஒரு தடவை நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். ‘ஐந்து மூச்சு இருங்கள்’ என்று சொன்னால் அந்த ஐந்தையும் நீங்களும் மூச்சாகவே எண்ணுங்கள். வாயால் ஒன்று, இரண்டு என்று ஓட்டாதீர்கள்.

சொல்லும் வரிசை: முதலில் மூச்சு, அடுத்து உறுப்பு, பிறகு திசை. ‘மூச்சை உள்ளிழுத்து, இரண்டு கைகளையும், தலைக்கு மேலே.’ அத்துடன் நிறுத்திவிட்டு, அவர்கள் செய்து முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் புதியவர்கள் ஏழெட்டு ஆசனங்களைத் திணிக்கிறார்கள். 20 நிமிடத்துக்கு மூன்றே ஆசனம் போதும்: உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க 3 நிமிடம், மூட்டுகளைத் தளர்த்த 4, ஆசனங்களுக்கு இடையோய்வுடன் 9, சவாசனம் (அசையாமல் மல்லாந்து படுத்திருப்பது) 4.

மாணவர்களைப் பார்த்து நிற்கும்போது ‘வலது கை’ என்று சொல்லி உங்கள் இடது கையைத் தூக்க வேண்டும். இடது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு, ‘கயிறு கட்டிய கை வலது’ என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஆசனத்தை ஒருமுறை செய்து காட்டியதும் விரிப்பை விட்டு இறங்கிவிடுங்கள். கூடவே செய்துகொண்டிருந்தால் யாரையும் பார்க்க முடியாது. திருத்தும்போது பாதத்தில் தொடங்கி மேலே போங்கள். ஒருவருக்கு ஒரு தடவையில் ஒரு திருத்தம்; மூன்று சொன்னால் ஒன்றும் ஏறாது. முதலில் வாயால் சொல்லுங்கள். தொட்டுத் திருத்துவதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான்.

எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு?
— வாசகர், தஞ்சாவூர்

இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா சான்றளிப்பு வாரியம் எழுத்து, செய்முறை இரண்டிலும் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. யோகா அலையன்ஸ் என்பது பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவுசெய்யும் அமெரிக்க அமைப்பு. பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒவ்வொருவரும் பாடம் நடத்த எத்தனை மணி நேரம் கிடைக்கும்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்?

பயிற்சி முடித்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. அங்கே இருந்த அமைதி போய்விட்டது. கும்பகத்தோடு (மூச்சை அடக்கி) நாடி சுத்தி (மூக்குத் துளைகளில் மாற்றி மாற்றி மூச்சு விடும் பயிற்சி) செய்தால் தலை கனக்கிறது, எரிச்சல் வருகிறது.
— வாசகி, காரைக்குடி

கும்பகத்தை இன்றே நிறுத்துங்கள். திருமந்திரம் பூரகத்துக்கு (மூச்சை இழுப்பது) 16, கும்பகத்துக்கு 64, ரேசகத்துக்கு (மூச்சை விடுவது) 32 மாத்திரை (கால அளவு) என்று கணக்குச் சொல்கிறது. அது பல காலப் பழக்கத்துக்குப் பிறகு வரும் அளவு. நீங்கள் 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விட்டு, பத்துச் சுற்று செய்யுங்கள், நடுவில் அடக்க வேண்டாம். வெளிமூச்சு கடைசி வரை நடுங்காமல் போனால், இரண்டு வாரம் கழித்து வெளிமூச்சில் மட்டும் ஒன்று கூட்டலாம். அடுத்த மூச்சை ‘லபக்’கென்று விழுங்குகிறீர்கள் என்றால் அளவு மீறிவிட்டது. தலைக்கனம் பிறகும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

முகாமில் விடியலில் மணி அடித்தது, சாப்பாடு தட்டில் வந்தது, போன் கையில் இல்லை. அந்த அமைதியில் பாதி அந்த ஏற்பாட்டினால் வந்தது. வீட்டில் அது இல்லாதது உங்கள் குறை ஆகாது. ஒன்றரை மணி நேரம் செய்யப் பார்த்து விட்டுவிடுவதை விட, தினம் 25 நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆசனம் 12, பிராணாயாமம் 6, சும்மா உட்கார 5, குறிப்பெழுத 2. குறிப்பில் ‘நன்றாக இருந்தது’ என்று எழுதாமல், எந்த ஆசனத்தில் மூச்சு பிடித்துக்கொண்டது என்று எழுதுங்கள். வாரம் ஒரு நாள் ஒரே ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். தோள் பிடித்துக்கொண்டிருக்கும் மாமியாராக இருந்தாலும் சரி, அவர் கையை எவ்வளவு தூரம் வலியில்லாமல் தூக்குகிறாரோ அங்கிருந்து தொடங்கலாம்.